எழுத்தும் ஊதியமும்: திருகோணமலை நாவலாசிரியரை முன்வைத்து ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் நாவலின் தோற்றத்தை ஆராய்வோர் திருகோணமலைக்குத் தனியிடம் அளிப்பர். எஸ். இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இலும், தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இலும் வெளிவந்தன. முன்னது ஐரோப்பியக் கதையொன்றின் தழுவல். பின்னது தமிழின் முதலாவது வரலாற்று நாவலாகக் கொள்ளப்படுவது. ஆயின், முதல்வர் யார் என்ற வினாவோடு நின்றுவிடும் ஆய்வு, எழுதியோர் எதனைக் கொண்டு சீவித்தனர் என்பதை மறந்துவிடுகிறது.

திருகோணமலை உலகறிந்த இயற்கைத் துறைமுகம். எனினும் பிரித்தானியர் அதனை முதன்மையாகக் கடற்படைத் தளமாகவே பேணினர். 1957 வரை அத்தளம் அவர்கள் கையிலிருந்தது. கொழும்பைப்போல அது பெருவணிகத் துறையாக வளரவில்லை. கொட்டியாரக் குடாவைச் சுற்றித் தெற்கே இலங்கைத்துறை வரையுள்ள ஊர்களோ உழவையும் மீன்பிடியையும் நம்பியவை. நூலை விலைகொடுத்து வாங்கும் வாசகர் கூட்டம் உருவாவதற்கான பொருளியல் தளம் அங்கு இருக்கவில்லை.

சரவணமுத்துப்பிள்ளை (1865–1902) சென்னையில் உயர்கல்வி பெற்று, மாநிலக் கல்லூரி சார்ந்த கீழைத்தேய நூல்நிலையத்தில் பணியாற்றினார். மதுரைச் சொக்கநாத நாயக்கரைக் கதைத் தலைவராகக் கொண்ட அவரது நாவலும் சென்னையிலேயே அச்சேறியது. ஆங்கிலக் கல்வி தந்த உத்தியோகமே அவருக்குப் பிடிமானம். இது அவருக்கு மட்டும் உரிய நிலையன்று. வேதநாயகம்பிள்ளை முன்சீப்பாகவும், மாதவையா உப்பு–சுங்க இலாகா அதிகாரியாகவும் ஊதியம் பெற்றவாறே நாவல் எழுதினர்.

மில்ற்றன் தம் பெருங்காப்பியத்தை 5 பவுணுக்கு விற்றதைச் சுட்டிய மார்க்ஸ், இயல்பின் உந்துதலால் எழுதுவோனையும் பதிப்பு முதலாளிக்காக எழுதுவோனையும் வேறுபடுத்தினார். நமது ஆரம்ப நாவலாசிரியர் இவ்விரு நிலைகளுள் முன்னதைச் சார்ந்தவர். புரவலரைப் பாடவேண்டிய கட்டாயம் அவர்களுக்கில்லை. சந்தையின் கட்டளையும் இன்னும் பிறக்கவில்லை. ‘தத்தை விடு தூது’ (1892) என்ற மரபுவழிச் சிற்றிலக்கிய வடிவத்தில் சரவணமுத்துப்பிள்ளை பெண் விடுதலை பேசியமை இப்பின்னணியில் நோக்கற்பாலது. ஆனால் இச்சுதந்திரம் காலனித்துவ அரசின் சம்பளத்தால் வாய்த்தது என்ற முரண்பாட்டையும் மறுத்தலாகாது.

எழுத்துத் தொழிலாவதற்கு வார இதழும் விளம்பரமும் வேண்டியிருந்தன. 1941இல் கல்கி சொந்த இதழ் தொடங்கியபின், அதில் தொடராக வளர்ந்த வரலாற்று நாவல் விற்பனைப் பண்டமாயிற்று. அரை நூற்றாண்டுக்கு முன் திருகோணமலையான் ஊன்றிய வித்தின் அறுவடை தமிழகச் சந்தைக்கே வாய்த்தது.

ஈழத்தில் நிலைமை மாறவில்லை. ‘தோணி’ (1962) தொகுதிக்குச் சாகித்தியப் பரிசு பெற்ற மூதூர் வ. அ. இராசரத்தினம் ஆசிரியராகவே சீவித்தார். உழைக்கும் மக்களின் வாழ்வை எழுதியவருக்கு அம்மக்களையே வாசகராக்கும் சமூக அமைப்புக் கிட்டவில்லை. ஆகவே, இப்பிரதேசத்தில் எழுத்து தொழிலாகாமைக்குக் காரணம் ஆற்றலின் குறைவன்று. எழுத்தறிவும் அச்சும் வாங்கும் சக்தியும் மக்களிடம் ஒருங்கே சேராமையேயாம். எழுத்தாளனின் ஊதியப் பிரச்சினை இறுதியில் வாசகனின் ஊதியப் பிரச்சினையே.