அழைப்பும் மறுப்பும்: வட திருநெல்வேலிக் கிறித்தவ வரலாற்றில் ‘பெரிய விருந்து’ உவமை

ஆய்வுச்சுருக்கம்

இறைவனின் அழைப்பை மறுப்பவர் அடையும் விளைவு குறித்துக் கிறித்தவ மறைநூல் இருவகைச் சித்திரங்களைத் தருகிறது. ஒன்று தண்டனை, மற்றொன்று பந்தியில் இடமிழத்தல். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருநெல்வேலியில் பந்தி என்பது சாதி நிலையை உறுதிசெய்யும் களமாக இருந்தது. அதனால் இரண்டாவது சித்திரம் அங்குத் தனிப்பொருள் பெற்றது என்பதையும், அது பின்னர்க் கிறித்தவர்களையே நோக்கித் திரும்பியது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: விருந்து உவமை, பந்தி, ஆக்கினை, சங்கரன்கோவில், இராக்லாந்து, கிருஷ்ணபிள்ளை

உவமையின் இரு வடிவங்கள்

அழைப்பை மறுத்தோரின் கதையை லூக்கா (14:16-24), மத்தேயு (22:1-14) ஆகிய இரு நற்செய்தியாளரும் கூறுகின்றனர். லூக்காவில் ஒருவன் நிலம் வாங்கியதையும், ஒருவன் ஐந்து ஏர்மாடுகள் வாங்கியதையும், ஒருவன் மணம் முடித்ததையும் காரணம் காட்டி விருந்துக்கு வர மறுக்கின்றனர். வீட்டுத்தலைவன் அவர்களை ஒறுப்பதில்லை. தெருக்களிலிருந்த ஏழைகளையும் உடற்குறை உடையோரையும் அழைத்து வீட்டை நிரப்புகிறான். முதலில் அழைக்கப்பட்டோர் விருந்தைச் சுவைக்கும் வாய்ப்பை இழக்கின்றனர். அதுவே முழுத் தண்டனை. மத்தேயுவிலோ அரசன் படையனுப்பி மறுத்தோரின் நகரைக் கொளுத்துகிறான். உள்ளே வந்தவர்களிலும் திருமண ஆடையின்றி அமர்ந்த ஒருவன் இருளில் தள்ளப்படுகிறான்.

தமிழ் விவிலியம் இத்தீர்ப்பை ‘ஆக்கினை’ என்னும் சொல்லால் குறிக்கிறது. வடமொழி ‘ஆஜ்ஞா’விலிருந்து வந்த இச்சொல் தமிழில் கட்டளை, தண்டனை ஆகிய இரண்டையும் உணர்த்தும். அழைப்பு கட்டளையாகக் கேட்கப்படும்போது அதன் மறுப்பு தண்டனையாகிறது. விருந்தாகக் கேட்கப்படும்போது இழப்பாகிறது. இவ்விரண்டில் எது கேட்போர் நெஞ்சில் தைத்தது என்பதைக் களத்தின் சூழலே முடிவு செய்தது.

வட திருநெல்வேலியில் அழைப்பு

தென் திருநெல்வேலியில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. சங்கங்களின் சபைகள் ஊர்தோறும் வேரூன்றிய பின்னரும், சங்கரன்கோவில், சிவகாசி, திருவில்லிபுத்தூர் ஆகியவற்றை உள்ளடக்கிய வடபகுதியில் கிறித்தவம் பரவவில்லை. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற தாமஸ் கஜட்டன் இராக்லாந்து 1854-இல் இப்பகுதிக்கெனச் சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினார். கூடாரம் அடித்து, ஊர் ஊராகச் சென்று அறிவிப்பதே இதன் முறை. தென்பகுதிச் சபைகள் தம் செலவில் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பின. ஆகவே, அழைப்பைச் சுமந்து சென்றவர்களில் பெரும்பாலோர் தமிழரே. இராக்லாந்து 1858-இல் சிவகாசியில் இறந்தபோது, அவ்வுழைப்புக்கு ஈடான எண்ணிக்கையில் மக்கள் மதம் மாறியிருக்கவில்லை.

இம்மறுப்பை வெறும் அலட்சியம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. சங்கரன்கோவிலின் தலப்பெருமையே பிணக்கைத் தீர்த்து இணைத்தலில் அமைந்தது. சிவனே பெரியவன் எனச் சங்கனும், திருமாலே பெரியவன் எனப் பதுமனும் வாதிட்டனர் என்பதும், கோமதியம்மன் தவமியற்றியதால் இறைவன் சங்கரநாராயணராக ஓருருவில் காட்சி தந்தான் என்பதும் தலவரலாறு. ஆடித்தபசு அக்காட்சியைக் கொண்டாடுகிறது. ஒன்றை ஏற்பதற்கு மற்றொன்றை இழக்க வேண்டுவதில்லை என்று கற்ற மக்களிடம், ஒரே அழைப்பை மறுத்தால் அனைத்தையும் இழக்க நேரும் என்னும் கூற்று அயலாகவே ஒலித்திருக்கும்.

இரு பந்திகளுக்கு இடையே

அழைப்பை மறுப்பதற்கு மட்டுமன்று, ஏற்பதற்கும் விலை இருந்தது. மதம் மாறியவர் உறவினரின் பந்தியை இழந்தார், சொத்துரிமையும் கேள்விக்குள்ளானது. சாதியிழப்பாலோ மதமாற்றத்தாலோ மரபுரிமை அற்றுப்போகாது என 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் விதித்தது. அத்தகைய சட்டம் தேவைப்பட்டதே அவ்விழப்பின் கடுமைக்குச் சான்றாகும். லூக்கா கூறும் நிலமும் ஏர்மாடும் மணவுறவும் கரிசல்காட்டு உழவனுக்குச் சாக்குகள் அல்ல; அவன் வாழ்வின் அடித்தளங்கள். ஒரு பந்தியில் அமர மற்றொரு பந்தியிலிருந்து எழ வேண்டியிருந்தது.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827-1900) வாழ்வு இதற்குத் தக்க சான்று. வைணவ வேளாளர் மரபில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய அவர், இராக்லாந்து இறந்த அதே 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் வெளிவந்தது. அழைப்பைக் கேட்டவன் குடும்பத்தையும் ஊரையும் விட்டு வெளியேறும் காட்சியில்தான் பனியனின் கதை தொடங்குகிறது. மறுப்போரின் அழிவைச் சொல்லும் அக்கதை, ஏற்போனின் பிரிவுத் துயரையும் உடன் சொல்கிறது. அத்துயரை உணர்ந்த ஒருவரின் கையில் அது கம்பனின் நடையைத் தழுவிய காப்பியமாயிற்று.

சபைக்குள் மறுப்பு

உவமையின் கூர்மை முழுதும் வெளிப்பட்டது சபைக்குள்தான். தமிழ்ச் சீர்திருத்தச் சபையினர் நற்கருணையைத் ‘திருவிருந்து’ என்றும் ‘கர்த்தருடைய பந்தி’ என்றும் வழங்கினர். ஊர்விருந்தில் யார் யாருடன் உண்பது என்பதைத் தீர்மானித்த அதே சொல் வழிபாட்டிலும் புகுந்தது. தஞ்சை, வேப்பேரி முதலிய பழைய சபைகளில் வெள்ளாளர் முதலியோரும் ஒடுக்கப்பட்டோரும் தனித்தனியே அமர்ந்தனர். இளம் மிஷனரிகள் இதனை மாற்ற முயன்றபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1829-ஆம் ஆண்டளவில் அதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். சாதி சமூக வழக்கமேயன்றிச் சமய விலக்கன்று என்பது அவர் வாதம். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபையினர் சாதி வேற்றுமையைக் கைவிட வேண்டுமெனச் சுற்றுமடல் விடுத்தார். அது வாசிக்கப்பட்டதும் பலர் வழிபாட்டை விட்டு வெளியேறினர். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, உடனுண்டு சாதியைத் துறந்தோர்க்கே திருவிருந்தில் இடம் என முடிவு செய்தது. பின்னர்ப் பலர், சாதி வேற்றுமையில் அத்துணைக் கண்டிப்புக் காட்டாத லைப்சிக் லுத்தரன் சபையை நாடினர்.

அழைப்பை ஏற்று உள்ளே வந்தவர்கள், தெருவிலிருந்து வந்த மற்றவருடன் அமர நேர்ந்தபோது அதே அழைப்பை மறுத்தனர். மத்தேயு கூறும், ஆடையின்றிப் பந்திக்கு வந்தவனின் நிலையை இது ஒத்தது. இங்கே விளைவு நெருப்பாக வரவில்லை, பிளவாக வந்தது.

முடிவுரை

மறுப்பின் விளைவை ஆக்கினையாக மட்டும் காணும் நோக்கு, அழைத்தவரை நீதிபதியாகவும் மறுத்தவரைக் குற்றவாளியாகவும் நிறுத்துகிறது. திருநெல்வேலி வரலாறோ, மறுத்தவர் எதைக் காக்க மறுத்தார் என்னும் வினாவை முன்வைக்கிறது. சங்கரன்கோவில் வட்டார உழவன் தன் நிலத்தையும் உறவையும் காக்க மறுத்தான். தஞ்சைச் சபையார் தம் சாதி மேன்மையைக் காக்க மறுத்தனர். முதலாவது மறுப்பைக் குறித்து நெடுங்காலம் போதிக்கப்பட்டது; உவமையின் கதைப்போக்கோடு மிகவும் பொருந்துவது இரண்டாவதே. வீட்டுத்தலைவன் கட்டாயமாக நிரப்பச் சொன்ன இருக்கைகள் தெருவோரத்து மக்களுக்கு உரியவை. அவர்களுடன் அமர மறுப்பவர் எந்தச் சமயத்தவராயினும் விருந்தை இழக்கிறார் என்பதே இவ்வரலாறு தரும் விளக்கம்.