பமாகோவின் பார்ட்டி போட்டோக்காரர்

மாலி நாடு 1960-இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற பிறகு, தலைநகர் பமாகோவின் இளசுகளை ட்விஸ்ட் நடனப் பித்து பிடித்து ஆட்டியது. ஒரு வீட்டு முற்றம், ஒரு ரெக்கார்டு பிளேயர், கையில் கிடைத்த இசைத்தட்டுகள் இருந்தால் பார்ட்டி தயார். பேட்டைக்குப் பேட்டை கிளப்புகள் முளைத்தன. பார்ட்டிக்கு நாள் குறித்ததும் கிளப்காரர்கள் சொல்லி வைக்கிற ஆள் மாலிக் சிடிபே.

மாடு மேய்க்கும் ஃபுலானி குடும்பத்துப் பிள்ளை அவர். நன்றாக வரைவார் என்று நகைத்தொழில் படிக்க வைத்தார்கள். 1955-இல் ஒரு பிரெஞ்சுக்காரரின் ஸ்டூடியோவை அலங்கரிக்கப் போனவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார். மறு ஆண்டு கோடக் பிரவுனி கேமரா வாங்கினார். வெள்ளைக்காரர் விருந்துகளுக்கு முதலாளி போவார். உள்ளூர்க்காரர் விசேஷங்கள் இவருக்கு. பிறகு பகதாஜி பகுதியில் சொந்தக் கடை, ‘ஸ்டூடியோ மாலிக்’.

சனிக்கிழமை இரவில் நான்கு பார்ட்டிகூட இருக்கும். எதையும் விட முடியாது. இங்கே 36 படம், அங்கே 36 படம் என்று விடியும்வரை ஓட்டம். பிறகு ஃபிலிமைக் கழுவி, சின்னச் சின்னப் பிரிண்டுகளாகப் போட்டு, கிளப் பெயரும் தேதியும் எழுதிய வண்ண அட்டையில் ஒட்டிக் கடை வாசலில் வைப்பார். கூட்டம் மொய்க்கும். தன் முகத்தைத் தேடுவதற்கென்றே வந்து, காசு கொடுக்காமல் போனவர்களும் உண்டு. கூட ஆடிய பெண்ணுக்குப் பரிசளிக்க வாங்கிய பையன்களால்தான் வியாபாரம் ஓடியது எனலாம்.

1963-இல் எடுத்த ‘நுயி த நோயல்’ (கிறிஸ்துமஸ் இரவு) படத்தில் சூட் போட்ட பையனும் செருப்பில்லாத பெண்ணும் நெற்றி முட்டும் நெருக்கத்தில் ஆடுகிறார்கள். இருவர் கண்ணும் கால்களின் மேலேயே. தாளம் தப்பிவிடுமோ என்ற கவலை அப்படியே தெரிகிறது. கேமரா இருப்பதே அவர்களுக்கு நினைவில்லை. ஜேம்ஸ் பிரவுன் இசைத்தட்டை ஏந்தி நிற்கும் பெண்கள் இன்னொரு ரகம். அவர்கள் படத்துக்காகவே நிற்கிறார்கள்.

அப்போது மாலியை ஆண்ட மோதிபோ கேய்த்தாவின் சோஷலிச அரசுக்கு இந்த மேற்கத்திய மோகம் பிடிக்கவில்லை. மினி ஸ்கர்ட் போட்டவர்களைக் காவற்படையினர் பிடித்துப்போனார்கள். 1968-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆனால் சிடிபேயின் பிழைப்பில் மண் போட்டது அரசியலைவிட, 1970-களில் பரவிய மலிவு கேமராவும் கலர் லேபும்தான். அவர் கேமரா பழுதுபார்க்க உட்கார்ந்தார்.

வெளிநாட்டார் 1990-களில் தேடி வந்தார்கள். 2003-இல் ஹாசல்பிளாட் விருது. 2007-இல் வெனிஸ் பியனாலேயின் வாழ்நாள் சாதனைத் தங்கச் சிங்கம். புகைப்படக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. கடை வாசலில் வைத்த அந்த அட்டைகளும் இப்போது கண்காட்சிப் பொருள்.