கற்காரையில் எழுதிய வரலாறு

விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே துலுக்கப்பட்டி என்றொரு சிறிய புகைவண்டி நிலையம் உண்டு. அதனை அடுத்த இராமசாமி ராஜா நகரில்தான், 1957ஆம் ஆண்டு தோன்றிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம் தன் முதல் ஆலையை நிறுவியது. பின்னர் ஆலங்குளத்தில் அரசின் ஆலையும் எழுந்தது. மழை குறைந்த இப்பூமியின் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் மூட்டைகளாகிப் பள்ளிகளாகவும் பாலங்களாகவும் உருப்பெற்றது. கருங்கற் கோட்டைகளை வரலாறு என்று போற்றும் நாம், கான்கிரீட் எனப்படும் கற்காரைக் கட்டடங்களை அவ்வாறு எண்ணுவதுண்டா?

சென்னை அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். 1953இல் அதனைத் தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் மறு ஆண்டே விமான விபத்தில் மறைந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. விருதுநகர் ஈன்ற காமராசர் முதலமைச்சராக இருந்த 1959ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 23ஆம் நாள் கட்டடம் திறக்கப்பெற்றது. 1975 ஜூலையில் பெருந்தீ அதனைப் பற்றியது. தீயின் கொடுமையைச் சிவகாசி மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எனினும் அது இடிக்கப்படவில்லை; பழுது நீக்கப்பெற்று இன்றும் நிற்கிறது.

டில்லியில் நிகழ்ந்ததோ வேறு. நாட்டு விடுதலையின் வெள்ளிவிழாவை ஒட்டி, 1972ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் அமைத்த ‘நாடுகளின் மண்டபம்’, நடுவே தூண்களின்றிக் கற்காரைச் சட்டங்களாலேயே பின்னப்பட்ட அரிய படைப்பு. அறுபது ஆண்டு நிரம்பாத கட்டடம் மரபுச் சின்னமாகாது என்ற அளவுகோல் அதற்குக் குறுக்கே நின்றது. 2017 ஏப்ரலில், ஓரிரவில் அது தரைமட்டமாயிற்று. வயது நிரம்பும்வரை வாழவிடாமல், வயது போதவில்லை என்பது என்ன நியாயம்?

கற்காரைக்கும் நோய் உண்டு; மருந்தும் உண்டு. சிமெண்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டாண்டாக ஊடுருவ, அக்காப்புக் குன்றுகிறது. துரு கம்பியைவிடப் பருமன் மிக்கதாதலின், மேற்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. சிதைந்த பகுதியை மட்டும் அகற்றி, துருவைத் துடைத்து, காப்புப் பூசி, பழைய கலவையின் நிறத்துக்கும் சல்லிக்கும் ஒத்த கலவையால் நிரப்புவதே முறையான பழுதுநீக்கம். பலகை அச்சின் தடங்கூட மாறாதிருத்தல் வேண்டும்.

நம் ஊர்களில் நடப்பது என்ன? கடும் வெயிலைத் தடுத்துக் காற்றை விடவே அக்காலத்தார் சன்னல்களுக்கு மேல் நிழற்பலகைகளும், சுவர்களில் ஜாலித் துளைகளும் வைத்தனர். இன்று அவற்றை உடைத்துக் கண்ணாடியும் அலுமினியத் தகடும் போர்த்துகிறோம். உள்ளே வெக்கை பெருகுகிறது. குளிர்சாதனத்துக்குப் பணம் கரைகிறது. போர்வைக்குள் துருவோ கண்ணுக்குப் படாமல் வளர்கிறது.

முன்னோர் விட்டுச்சென்ற கட்டடம் நம் கையிலுள்ள அமானிதம். அதனைப் புதுப்பிப்பது நம் உரிமை; அடையாளம் அழியாமல் புதுப்பிப்பது நம் கடமை.