ஏடுகளுக்காக எழுந்த கோபுரம்

சீனாவின் சியான் நகரில் இருக்கும் பெரிய காட்டுவாத்துப் பகோடாவுக்கு ஏழு நிலை, 64 மீட்டர் உயரம். கொண்டுவந்த ஏடுகள் தீயில் போய்விடுமோ என்று ஒரு துறவி பட்ட கவலையில் பிறந்த கட்டடம் இது.

அந்தத் துறவி, பள்ளிப் பாடத்தில் நாம் படித்த யுவான் சுவாங்தான். 645-ல் அவர் இந்தியாவிலிருந்து ஊர் திரும்பியபோது 657 நூல்களை 20 குதிரைகள் சுமந்து வந்தன. வழியில் சிந்து நதியைக் கடக்கையில் சில சுவடிகள் ஆற்றோடு போய், ஆள் அனுப்பி மறுபடி படியெடுக்க வேண்டியிருந்தது. பட்டபாடு அவருக்குத்தானே தெரியும்!

652-ல் பேரரசர் காவோட்சோங்கிடம், கல்லில் 300 அடிக் கோபுரம் கட்ட அனுமதி கேட்டார். கல் வேலை எளிதில் முடியாது, செங்கல்லில் கட்டுங்கள் என்ற பேரரசர், இறந்துபோன அரண்மனைவாசிகளின் உடைமைகளைச் செலவுக்குக் கொடுத்தார். இந்திய ஸ்தூபியின் சாயலில் ஐந்து நிலை எழுந்தது. ஐம்பது வயது யுவான் சுவாங்கே மண்கூடை சுமந்தார், செங்கல் தூக்கினார் என்று அவருடைய சீடர் எழுதிய வரலாறு சொல்கிறது. இந்தக் கதையில் என் மனதை விட்டு அகலாத இடம் அதுதான்.

உள்ளே மண், வெளியே செங்கல் என்றிருந்த அந்தக் கோபுரம் சிதைந்தது. பேரரசி வூ செத்தியன் காலத்தில், 701 தொடங்கி 704-க்குள், புதிதாகக் கட்டினார்கள். 1604-ல் அதன்மேல் இன்னொரு செங்கல் உறை ஏறியது. இன்று கண்ணில் படுவது அந்த உறை.

நமக்கும் இதில் பங்குண்டு. யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்தவர். அவருடைய நாலந்தா ஆசான் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசான், காஞ்சியில் பிறந்த தர்மபாலர். 659-ல் யுவான் சுவாங் சீனத்தில் தந்த விஞ்ஞானவாத பௌத்த நூல் பெரும்பாலும் தர்மபாலரின் உரையைத் தழுவியது. அந்த உரையின் சமஸ்கிருத மூலம் இன்று இல்லை. காஞ்சிக்காரரின் சிந்தனை சீன எழுத்தில்தான் பிழைத்திருக்கிறது.

சியான் போனால், கோபுரத்தில் படியேறும் முன் தெற்கு வாசலில் நில்லுங்கள். இருபுறமும் 653-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். எழுத்து, எழுத்துக்கலைஞர் சூ சுவெய்லியாங்கின் கை. யுவான் சுவாங்கின் மொழிபெயர்ப்புகளைப் போற்றிப் பேரரசர் தாய்ட்சோங்கும் மகன் காவோட்சோங்கும் இயற்றியவை அவை. மேற்கு வாசல் நிலைக்கு மேலுள்ள கல்லில் டாங் வம்சக் காலத்து மரக்கோவில் ஒன்று தூணும் கூரையுமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள்.