ரெண்டே நாள்ல திறந்த வங்கி: ஹிரோஷிமா, 1945

போன எபிசோடுல போர் எப்படி முடிஞ்சதுன்னு பேசினோம். நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணு: "சரி, அடுத்த நாள் என்ன ஆச்சு?" நல்ல கேள்வி. போர் முடிஞ்ச கதைகள் பெரும்பாலும் கையெழுத்தோட முடிஞ்சுடும். அடுத்த நாள் யார் கடையைத் திறந்தாங்க, யார் சம்பளம் கொடுத்தாங்கன்னு யாரும் சொல்றதில்லை. அதனால இன்னைக்கு ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கிறேன். ஹிரோஷிமாவில் இருந்த ஜப்பான் வங்கியின் கிளை.

1945 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை, காலை 8:15. ஹிரோஷிமா மேல அணுகுண்டு வெடிக்குது. ஆகஸ்ட் 8, புதன்கிழமை. இந்தக் கிளை திறந்து பணம் கொடுக்க ஆரம்பிக்குது.

நடுவுல ஒரே ஒரு நாள். ஜப்பான் இன்னும் சரணடையலை. நாகசாகி மேல குண்டு விழ இன்னும் ஒரு நாள் இருக்கு. ஊர் புகைஞ்சுக்கிட்டு இருக்கு. அந்த வருஷ முடிவுக்குள்ள ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர் இறந்தாங்கன்னு அந்த நகராட்சியே கணக்குச் சொல்லுது. அப்படிப்பட்ட ஊர்ல, வெடிப்பு மையத்திலிருந்து 380 மீட்டர் தூரத்தில், ஒரு வங்கி திறந்திருக்கு.

எப்படி? முதல்ல கட்டடம் எப்படி நின்னுச்சுன்னு பார்ப்போம்.

1923ல் தோக்கியோ பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதுக்கு அடுத்த வருஷமே ஜப்பான் தன்னோட கட்டட விதிகளில் நிலநடுக்கத்தைத் தாங்கும் வலிமைக்கு ஒரு கணக்கைச் சேர்த்தது. ஹிரோஷிமா கிளை கட்டி முடிச்சது 1936ல். அதாவது, அந்தப் பாடத்தைப் படிச்ச பிறகு கட்டின கட்டடம். இரும்பும் கான்கிரீட்டும் சேர்த்து, தடிமனான சுவர்களோட, மேலே மூணு தளம், கீழே ஒரு நிலவறை.

இன்னொரு காரணம், எளிய ஜியோமெட்ரி. குண்டு தரையில் விழுந்து வெடிக்கலை. சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடிச்சது. தரையில் 380 மீட்டர், மேலே 600 மீட்டர். நம்ம ஸ்கூல்ல படிச்ச பிதாகரஸைப் போட்டா, வங்கிக்கும் வெடிப்புக்கும் நடுவுல சுமார் 710 மீட்டர். அழுத்தம் பக்கவாட்டில் வந்ததை விட மேலேயிருந்துதான் அதிகமா வந்தது. பக்கவாட்டில் அடிச்சா சாயும் சுவர், மேலேயிருந்து அழுத்தினா ஓரளவு தாங்கும்.

அடுத்தது, இரும்பு ஷட்டர். வங்கி திறக்கும் நேரம் இன்னும் வரலை. கீழ் ரெண்டு தளங்களிலும் ஷட்டர் மூடியிருந்தது. அதனால் தீ உள்ளே வரலை. மூணாவது தளத்தில் வேற ஒரு அரசு அலுவலகம், நிதித் துறை, வாடகைக்கு இருந்தது. அங்கே ஷட்டர்களைத் திறந்துட்டாங்க. அந்தத் தளம் முழுக்க எரிஞ்சது. அங்கே இருந்தவங்க இறந்தாங்க. ஒரே கட்டடம், ஒரே குண்டு. ஒரு ஷட்டர்தான் வித்தியாசம்.

நிலவறையில் இருந்த பணப் பெட்டகத்துக்கு ஒண்ணும் ஆகலை.

இங்கே ஒரு விஷயம் புரியணும். ஜப்பான் வங்கி அப்படின்னா நம்ம ரிசர்வ் வங்கி மாதிரி. நீங்களோ நானோ அங்கே போய்க் கணக்குத் திறக்க முடியாது. மற்ற வங்கிகளுக்குப் பணம் கொடுக்கிற வங்கி அது. ஊர்ல மற்ற வங்கிக் கிளைகள் எல்லாம் சிதைஞ்சு கிடக்கு. பணம் இருக்கிற ஒரே இடம் இந்த நிலவறை. அதனால் என்ன செஞ்சாங்கன்னா, கட்டடம் இழந்த மற்ற வங்கிகளையும் தங்களோட ஹாலுக்குள்ளேயே கூப்பிட்டு உட்கார வச்சாங்க. போட்டியாளர்கள் எல்லாரும் ஒரே ஹாலில், ஆளுக்கொரு கவுன்டர்.

ஹாலுக்கு மேலே இருந்த கண்ணாடிக் கூரை போயிடுச்சு. வெயில் அடிச்சா வெயிலில் வேலை. மழை பெஞ்சா குடை பிடிச்சுக்கிட்டு வேலை.

நான் வேலை பார்க்கிற துறையில் 'டிசாஸ்டர் ரெக்கவரி'ன்னு ஒரு டாக்குமென்ட் எல்லா கம்பெனியிலும் இருக்கும். சர்வர் முழுசா போயிட்டா எவ்வளவு நேரத்தில் திரும்ப வரணும், எவ்வளவு டேட்டா போனா பரவாயில்லை, எல்லாம் அதுல எழுதியிருக்கும். பெரும்பாலும் யாரும் படிக்கிறதில்லை. இந்தக் கதையை முதல்ல படிச்சப்ப எனக்கு வந்த எண்ணம், 'ஆஹா, உலகத்திலேயே சிறந்த ரெக்கவரி இதுதான்'. அப்படியே ஒரு எபிசோடு பண்ணிடலாம்னு நெனச்சேன். அப்புறம் கவுன்டரில் நடந்ததைப் படிச்சேன்.

கவுன்டருக்கு யார் வந்திருப்பாங்க? வீடு எரிஞ்சவங்க. அப்போ ஜப்பானில் வங்கிக்குப் போகணும்னா பாஸ்புக் வேணும், சொந்த முத்திரை வேணும். கையெழுத்துக்குப் பதிலா அப்போ அங்கே முத்திரைதான். ரெண்டும் வீட்டோட எரிஞ்சு போச்சு. அடையாளம் காட்ட எதுவும் இல்லை. அப்படி வந்தவங்களுக்கும் பணம் கொடுத்தாங்க. அவங்க சொன்ன பேரையும் சொன்ன தொகையையும் வச்சு.

கொஞ்சம் நில்லுங்க. இன்னைக்கு நம்ம ஆதார்ல ஒரு எழுத்து மாறியிருந்தா கேஒய்சி நிக்குது. ஓடிபி வரலைன்னா நம்ம பணம் நம்மளோடது இல்லை. அங்கே, எல்லாமே போன ஒரு ஊரில், ஒரு மனுஷனோட வாய்வார்த்தையை ஆதாரமா எடுத்துக்கிட்டாங்க.

கட்டடத்தைப் பொறுத்தவரைக்கும் அதுக்குப் பிறகு நடந்தது சாதாரண வேலைதான். கூரையை மூடினாங்க, ஜன்னல் போட்டாங்க, எரிஞ்ச மூணாவது தளத்தைச் சரி பண்ணினாங்க. 1992 வரைக்கும் அந்தக் கிளை அதே கட்டடத்தில் நடந்தது. ரிப்பேர் வெற்றின்னு சொல்லி முடிச்சுடலாம்.

ஆனா அந்த வாய்வார்த்தைக்கு என்ன ஆச்சு?

ஆறு மாசம் கழிச்சு, 1946 பிப்ரவரியில், ஜப்பான் அரசு ஒரு அவசர உத்தரவு போட்டது. வங்கியில் இருக்கிற பணம் எல்லாம் முடக்கம். கையில் இருக்கிற பழைய நோட்டுகளை வங்கியில் கட்டிடணும், மார்ச் தொடங்கினதும் அவை செல்லாது. புது நோட்டாக மாசத்துக்குக் குடும்பத் தலைவருக்கு 300 யென், மற்ற ஒவ்வொருத்தருக்கும் 100 யென் மட்டும் எடுக்கலாம். விலைவாசி தாறுமாறா ஏறினதைக் கட்டுப்படுத்தத்தான் இது. புது நோட்டு போதுமான அளவு அச்சடிக்கலை. அதனால பழைய நோட்டில் சின்ன ஸ்டாம்ப் மாதிரி ஒரு சீட்டை ஒட்டி, 'இது புது நோட்டு'ன்னு விட்டாங்க. விலைவாசி அப்படியும் நிக்கலை. முடங்கின பணம் முடங்கின இடத்திலேயே மதிப்பு கரைஞ்சது.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு என்ன ஞாபகம் வருதுன்னு எனக்குத் தெரியும். 2016 நவம்பர் 8. நான் அப்போ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். ஏடிஎம் வரிசை, ஒரு நாளைக்கு 2000 ரூபாய். மெஸ் அண்ணன் எங்களுக்கு ரெண்டு வாரம் கடன் சொல்லிச் சோறு போட்டார். நோட்டுப் புத்தகத்தில்கூட எழுதிக்கலை. "நீங்க சொல்றதுதான் கணக்கு"ன்னார். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. போரில் தோத்த நாட்டோட நெருக்கடி வேற, நம்மது வேற. ஆனா அந்த வரிசையில் நின்னதால், மேலேயிருந்து வர்ற ஒரு உத்தரவில் நம்ம பணம் எப்படி நம்ம கையை விட்டுப் போகும்னு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

பணத்தை விடுங்க. உடம்புக்கு என்ன ஆச்சு?

தப்பிச்சவங்களுக்கு முடி கொட்டுச்சு, ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆக்கிரமிப்புப் படைகள் அணுகுண்டு பற்றிய செய்திகளைத் தணிக்கை செஞ்சாங்க. 1947ல் அமெரிக்கர்கள் ஒரு ஆய்வு அமைப்பைத் தொடங்கினாங்க. அங்கே பரிசோதனை உண்டு, சிகிச்சை கிடையாது. குண்டால் பாதிக்கப்பட்டவங்களுக்கு மருத்துவ உதவி தர ஜப்பான் சட்டம் கொண்டு வந்தது 1957ல். வங்கி திறக்க ரெண்டு நாள். மருத்துவச் சட்டத்துக்குப் பன்னிரண்டு வருஷம்.

அந்தச் சட்டப்படி பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தாங்க. 'ஹிபாகுஷா' சுகாதாரக் கையேடு. பார்க்க பாஸ்புக் மாதிரிதான். அதை வாங்கணும்னா, குண்டு விழுந்த சமயத்தில் நீங்க அங்கே இருந்தீங்கன்னு நிரூபிக்கணும். அந்தக் காலத்துச் சான்றிதழ் இல்லைன்னா, ரெண்டு பேர் சாட்சி சொல்லணும். நெருங்கின சொந்தக்காரங்க சாட்சி ஏத்துக்க மாட்டாங்க. மொத்தத் தெருவும் செத்துப்போன ஒருத்தர் அந்த ரெண்டு பேருக்கு எங்கே போவார்?

எல்லாம் எரிஞ்ச நேரத்தில் "நீ சொன்னா போதும்"னு பணம் கொடுத்தது கவுன்டர். எல்லாம் சீரான பிறகு "சாட்சி எங்கே"ன்னு கேட்டது அலுவலகம். நேத்து வரைக்கும் நான் ஹீரோவா பார்த்த அந்த ரெண்டு நாள் ரெக்கவரி, இதைப் படிச்ச பிறகு எனக்குப் பாதி ரெக்கவரியாத்தான் தெரியுது. வங்கிக்காரங்க தப்பு செஞ்சாங்கன்னு சொல்லலை. அவங்க தங்களால முடிஞ்சதைத் திறந்தாங்க. மீதியைத் திறக்க வேண்டியவங்க திறக்கலை.

இப்போ இன்னும் ரெண்டு வங்கிகளைப் பத்திச் சுருக்கமா சொல்லணும். ஏன்னா ஒவ்வொண்ணும் ரிப்பேரை வேற மாதிரி செஞ்சது.

வெடிப்பு மையத்திலிருந்து 260 மீட்டரில் சுமிதோமோ வங்கிக் கிளை. அன்னைக்குக் காலையில் வங்கி எப்போ திறக்கும்னு வாசல் கல் படியில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். வெப்பம் படியோட மேற்பரப்பை வெளுக்க வச்சது. அவர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் கறுப்பா நின்னுடுச்சு. 'மனுஷன் ஆவியா போயிட்டார், நிழல் மட்டும் மிச்சம்'னு வாட்ஸ்அப்பில் வரும். அப்படி இல்லை. உடம்பு வெப்பத்தை மறைச்ச இடத்தில் கல் வெளுக்கலை, அவ்வளவுதான். கட்டடத்தைச் சரி பண்ணி வங்கி மறுபடி நடந்தது. படியை மாத்தலை. கறை மங்க ஆரம்பிச்சதும் 1959ல் சுத்தி வேலி போட்டாங்க. 1971ல் கட்டடத்தைப் புதுசா கட்டும்போது அந்தப் படியை அப்படியே வெட்டி எடுத்து அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாங்க.

அந்த வேலி எனக்கு முக்கியமா படுது. புதுப் பளிங்கு போட்டு ஒரே நாளில் மூடியிருக்கலாம். வாடிக்கையாளர் தினமும் நடக்கிற வாசல் அது. ஆனா அங்கே ஒருத்தர் இருந்தார்ங்கிறதுக்கு அந்தக் கல்தான் சாட்சி. வேற சாட்சி கேட்டா வராது.

மூணாவது, 360 மீட்டரில் தெய்கோகு வங்கிக் கிளை. 1925ல் மிட்சுயி வங்கிக்காகக் கட்டினது. கூரை இடிஞ்சு உள்ளே விழுந்தது. 1950ல் சரி பண்ணினாங்க. 1967ல் அதை வாங்கினது யார் தெரியுமா? ஒரு பேக்கரி. தகாகி பேக்கரி, கடைப் பேரு 'ஆண்டர்சன்'. குண்டு விழுந்த சுவருக்குள்ள ரொட்டி வித்தாங்க. பிறகு நிலநடுக்கப் பாதுகாப்புக்காகக் கட்டடத்தை இடிச்சுப் புதுசா கட்ட வேண்டி வந்தப்போ, குண்டைப் பார்த்த பழைய சுவரில் ஒரு பகுதியைக் காப்பாத்திப் புதுக் கட்டடத்தோட முகப்பில் சேர்த்தாங்க. 2020 ஆகஸ்டில் மறுபடி திறந்தாங்க.

நம்ம முதல் கட்டடம், அந்த ஜப்பான் வங்கிக் கிளை, இன்னும் நிக்குது. 2000ல் ஹிரோஷிமா நகரம் அதைப் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் சொத்தாக அறிவிச்சது. இப்போ கண்காட்சி நடக்கிற இடம். ஹிரோஷிமா போறவங்க எல்லாரும் அணுகுண்டு டோம் பார்ப்பாங்க. அங்கேயிருந்து நடக்கிற தூரம்தான் இது. போனா நிலவறைக்கு இறங்கிப் பெட்டகத்தைப் பாருங்க. அப்புறம் மேல ஹாலுக்கு வந்து, கூரை இல்லாம இருந்தப்ப அந்தக் கவுன்டர் எங்கே இருந்திருக்கும்னு ஒரு நிமிஷம் நின்னு பாருங்க.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க: ஆவணம் எதுவும் இல்லாதப்ப உங்க வார்த்தையை யாராவது நம்பினாங்களா? பதில் கிடைச்சா எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடை அதிலிருந்தே தொடங்குறேன்.