சாளரங்களின் முடிவிருப்பு

காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருஷமே மண்டையில் ஏறிவிடும் பாடம் ஒன்று உண்டு. நேற்றைய முடிவிருப்புதான் இன்றைய ஆரம்ப இருப்பு. ஒரு பைசா மாறினாலும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் இதைச் சாதிக்கத்தான் நாற்பது வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று எந்தச் சாளரத்தை எங்கே விட்டோமோ, காலையில் அது அங்கேயே இருக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்!

யுனிக்ஸ், லினக்ஸ் பக்கம் இது ஒரு சுவாரசியமான கதை. ஏனென்றால் அங்கே கேள்வியே, ‘ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது யார்?’ என்பதுதான்.

1984ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தைத் தொடங்கினார்கள். 1987ல் வந்த அதன் 11ஆம் பதிப்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அவர்கள் கொள்கை இது: திரையில் வரைய வசதி செய்து தருவோம், சாளரம் எங்கே உட்கார வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அதற்கென்று தனி நிரல், விண்டோ மேனேஜர். அதே 1987ல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய டிடபிள்யூஎம் அந்த வகைதான்.

ஆரம்பத்தில் ஞாபகம் வைக்கும் வேலை பயனர் தலையில்தான். 80 எழுத்து அகலம், 24 வரி உயரம், வலது மேல் மூலை என்று நிரலைக் கிளப்பும் கட்டளையிலேயே எழுதிவிட வேண்டும். பகலில் மவுசால் நகர்த்தியதெல்லாம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

1980களின் இறுதியில் டேவிட் ரோசந்தால் எழுதிய ஐசிசிசிஎம் என்ற நடத்தை விதிகள் வந்தன. அதன்படி ‘உன் நிலையைச் சேமித்துக்கொள்’ என்று ஒரு செய்தி போகும். நிரல், தன்னை மறுபடி கிளப்பத் தேவையான கட்டளையை எழுதி வைக்க வேண்டும்.

1994ல் எக்ஸ் 11இன் ஆறாம் வெளியீட்டோடு எக்ஸ்எஸ்எம்பி என்ற நெறிமுறை வந்தது. இதில் செஷன் மேனேஜர் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் அடையாள எண் கொடுக்கும். ஒரே பெயரில் நாலு பேர் கணக்கு வைத்திருந்தால் நாம் எப்படிப் பிரிக்கிறோம்? கணக்கு எண்ணை வைத்துத்தானே! அதேபோல விண்டோ மேனேஜர் அந்த எண்ணையும், அந்த நிரலில் இது எந்தச் சாளரம் என்பதையும் சேர்த்துப் பார்த்து பழைய இடத்தில் உட்கார வைக்கும்.

1996ல் தொடங்கிய கே.டி.ஈ.யும் 1997ல் தொடங்கிய க்னோமும் இதை எடுத்துக்கொண்டன. க்னோமில் வெளியேறும்போது, இப்போதுள்ள அமைப்பைச் சேமிக்கவா என்று ஒரு கட்டம்கூட இருந்தது. ஆனால் எல்லா நிரல்களும் ஒத்துழைத்தால்தான் நெறிமுறை பலிக்கும். ஒத்துழைக்காதவை நிறைய. பாதிச் சாளரம் திரும்பி வரும், மீதியைக் காணோம் :-)

2008ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் கதையையே திருப்பிவிட்டது. அதில் நிரலுக்குத் தன் சாளரம் திரையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே தெரியாது. இடத்தைக் குறித்துவைத்து மறுநாள் கேட்கும் பழைய வித்தை அங்கே செல்லாது. திரையை ஆளும் கம்போசிட்டர்தான் ஞாபகம் வைக்க வேண்டும். கே.டி.ஈ.யில் ஒரு சாளரத்துக்கு ‘இடத்தை நினைவில் வை’ என்று விதி போடலாம். எல்லோருக்கும் பொதுவான நெறிமுறை பற்றிய விவாதமோ பல ஆண்டுகள் நீண்டது.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை பாடு என்று தோன்றலாம். மாற்றலில் ஊர் ஊராக வீடு மாறும் நமக்கு இது புரியும். சாமான் எல்லாம் லாரியில் வந்துவிடும். எது எங்கே இருந்தது என்பது மட்டும் லாரியில் வராது. அதை மறுபடி உருவாக்குவதற்குள் ஒரு மாசம் போய்விடும்.

பொறுப்பைப் பிரித்துக்கொள்வதுதான் வழி என்று எனக்குப் படுகிறது. வங்கியில் பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு அதிகாரி. ஒருவர் வராவிட்டால் பெட்டகம் திறக்காது. இடத்தின் கணக்கு இடம் ஒதுக்கியவரிடம், உள்ளே இருந்த வேலையின் கணக்கு நிரலிடம். இரண்டும் சேர்ந்தால்தான் நேற்றைய மேஜை இன்று திரும்பக் கிடைக்கும்.