ஒலி ஒப்புமையும் சொற்பொருளும்: லீசியச் சாசனங்கள் உணர்த்துவன

இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரையில், மலைகளுக்கும் கடலுக்கும் இடையே அமைந்திருந்த நாடு லீசியா. கி.மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டுகளில் அந்நாட்டார் கிரேக்க எழுத்துக்கு உறவுடைய 29 எழுத்துக்களால் தம் மொழியைக் கல்லிற் பொறித்தனர். அவ்வெழுத்துக்களை வாசித்தல் எளிது. சொற்களின் பொருளறிதலே அரிது. அப்பொருளை எவ்வாறு துணிவது என்பது ஈண்டு ஆராயப்படும்.

இவ்வினா தமிழ் மாணவர்க்கும் தொடர்புடையதே. லீசியர் தம்மைத் 'திர்ம்மிலி' என அழைத்தனர். ஹெரொடோற்றஸ் அவர்களைத் 'தெர்மிலர்' என்கிறார். இப்பெயர் 'திரமிள' என்பதனை ஒத்திருத்தல் கண்டு, சுநீதி குமார் சட்டர்ஜி முதலிய அறிஞர் லீசியரைத் திராவிடரோடு தொடர்புபடுத்தினர். நமக்கு உவப்பான இக்கருத்தைச் சாசனங்கள் ஆதரிக்கின்றனவா?

சாசனங்களுட் பெரும்பாலானவை கல்லறை வாசகங்கள். இக்கல்லறையை இன்னான் தன் மனைவிக்கும் மக்களுக்குமாகக் கட்டினான் என்னும் வாய்பாடு அவற்றிற் பன்முறை வருகிறது. சிலவற்றிற் கிரேக்க வாசகமும் உடனுள்ளது. இவற்றின் துணையால் 'லதா' மனைவி எனவும் 'க்பத்ரா' மகள் எனவும் துணியப்பட்டன. 'மிந்தி' என்னுஞ் சொல்லைக் கிரேக்க வாசகங்கள் மொழிபெயர்க்காது 'மிந்திஸ்' என்றே தருகின்றன. ஆயினும், அது வருமிடங்களைத் தொகுத்து நோக்கிய அறிஞர், கல்லறைகளை மேற்பார்வை செய்த ஒரு குழுவை அது குறிக்கும் என்பர்.

1973ஆம் ஆண்டில் லெற்றூன் கோயிற் பகுதியிற் கிடைத்த கல், லீசியம், கிரேக்கம், அரமேயம் ஆகிய மும்மொழிகளிலும் ஒரு வழிபாட்டு ஏற்பாட்டினைக் கூறுகிறது. கிரேக்கத்திற் கௌனொஸ் எனப்படும் நகரின் பெயர் லீசியத்தில் 'க்பிதே' என்றுள்ளது. ஒலியை மட்டும் நோக்குவார் இவ்விரண்டும் ஒரே நகரெனக் கனவிலுங் கருதார்.

இனி, மொழியுறவை நோக்குவோம். 1945இல் ஹொல்கர் பீடர்சன் லீசியத்துக்கும் ஹிற்றைற் மொழிக்குமுள்ள உறவை விரிவாக நிறுவினார். லூவிய மொழியில் மகளைக் குறிக்குஞ் சொல் 'துவத்ரி'. லீசிய 'க்பத்ரா' இதனை ஒவ்வாததுபோற் தோன்றினும், தொல்மொழியின் 'த்வ' ஒலி லீசியத்திற் 'க்ப' ஆதல் விதி. வடமொழியில் இரண்டைக் குறிக்கும் 'த்வி' என்பதன் இனச்சொல் லீசியத்திற் 'க்பி' என வருதலும் அவ்விதிக்குச் சான்று. எனவே லீசியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் அனற்றோலியக் கிளையைச் சார்ந்தது என்பது தெளிவு.

ஒவ்வாதனபோற் தோன்றிய சொற்கள் உறவுடையனவாயின; ஒத்துத் தோன்றிய 'திர்ம்மிலி'க்கோ அத்தகைய விதியின் துணை யாதும் இல்லை. தனியொரு பெயரின் ஒலி ஒப்புமை வரலாற்றுச் சான்றாகாது. சாந்தொஸ் நகரத் தூணின் ஒரு பகுதி இன்னும் முற்றாக விளங்கவில்லை. விளங்காததனை விளங்காதது என விட்டுவைத்தலும் ஆய்வு நெறியே. தமிழின் தொன்மைக்குத் தமிழ்ச் சாசனங்களும் சங்கச் செய்யுள்களும் சான்றாகும்; அதற்கு அயல்நாட்டுப் பெயரொன்றைத் துணை வேண்டுதல் மிகை.